தெருவே மடமான கதை

பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கத்தோலிக்க ஐரோப்பாவில் ஒரு பெண் தன்னைக் கடவுளுக்கு முழுமையாக ஒப்புக்கொடுக்க விரும்பினால், திருச்சபை மனமுவந்து காட்டிய வழி ஒன்றுதான். உலகைவிட்டு விலக வேண்டும். கிராதி போட்ட மடத்துக்குள் போய், சாகும்வரை வெளியே வராமல் இருக்க வேண்டும். 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் கன்னியர் மடங்களின் அடைப்பை மறுபடியும் இறுக்கியது. 1566-இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் அதை எல்லாப் பெண் துறவியருக்கும் விதியாக்கினார். அதற்கு நூறாண்டு ஆவதற்குள் பாரிஸ் தெருக்களில் வேறொரு காட்சி பழகிப்போயிருந்தது. சாம்பல் நிறத்தில் முரட்டுத் துணி உடுத்தி, தலையில் வெள்ளைத் துணி கட்டிய நாட்டுப்புறப் பெண்கள், கையில் சூப் சட்டியோடு ஏழைகளின் மாடிப்படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கடவுளின் பெண்கள் என்று ஊரே ஏற்றுக்கொண்டது. இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது புதிய இறையியல் நூலோ, பொதுச்சங்கத் தீர்மானமோ அல்ல. நோயாளிக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வேலை அதைச் செய்தது. ஏழைமீது இரக்கப்படுவது கிறிஸ்தவத்தில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. அந்த இரக்கத்துக்கு ஒரு நேரம், ஒரு முறை, பொறுப்பான ஓர் ஆள் என்று ஏற்பாடு செய்து, அந்த அன்றாட வேலையையே தூய வாழ்வாகக் கொண்டது பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்ஸில் நடந்த புதுமை. புனிதம் எளிய மனிதரின் கைக்கு எட்டியது அந்த ஒழுங்கினால்தான் என்பது என் கருத்து.

தொடக்கம் ஒரு சிற்றூரில். லியோன் நகருக்கு வடக்கே இருக்கும் ஷத்தியோனுக்கு 1617-இல் வின்சென்ட் தே பவுல் பங்குக்குருவாக வந்தார். ஆகஸ்டு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பலிக்கு உடை அணிந்துகொண்டிருந்தபோது ஒரு செய்தி வந்தது: ஊருக்குச் சற்றுத் தள்ளி ஒரு வீட்டில் எல்லாரும் நோயில் கிடக்கிறார்கள், ஒருவருக்கொருவர் தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லை. அவர் மறையுரையில் அதைச் சொன்னார். மாலை வழிபாட்டுக்குப் பிறகு அந்த வீட்டைப் பார்க்கக் கிளம்பியவர் கண்டது, வழிநெடுகப் பெண்கள். சிலர் சாப்பாட்டோடு போய்க்கொண்டிருந்தார்கள், சிலர் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வெயில் கடுமையானதால் சிலர் வழியோரம் உட்கார்ந்து இளைப்பாறினார்கள். ஊரே திரண்டு உதவுகிறதே என்று வேறொரு குரு நெகிழ்ந்துபோய் அடுத்த ஞாயிறு நன்றி சொல்லி முடித்திருப்பார். வின்சென்ட் அங்கே ஒரு குறையைப் பார்த்தார். ஒரே நாளில் இவ்வளவு உணவு வந்து குவிந்தால் பாதி கெட்டுப்போகும். ஒரு வாரம் போனால் வீடு மறுபடியும் வெறிச்சோடும். அன்புக்குக் குறைவில்லை, ஒழுங்குதான் இல்லை. சில நாட்களில் அவர் ஊர்ப் பெண்களைக் கூட்டி, ஆளுக்கு ஒரு நாள் என்று முறைவைத்தார். அதே ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி அந்தப் பிறரன்புக் குழு முறைப்படி நிறுவப்பட்டது. அதற்கென அவர் எழுதிய ஒழுங்குவிதிகள் இன்றும் கிடைக்கின்றன.

அந்த விதிகளில் நோயாளிக்கு உணவு பரிமாறும் பகுதி நிதானமாகப் படிக்கத்தக்கது. அன்றைய முறைக்காரி தன் வீட்டில் சமைத்து எடுத்துப் போக வேண்டும். உள்ளே நுழைந்ததும் முகமலர்ச்சியோடு நலம் விசாரிக்க வேண்டும். கட்டிலின்மேல் சாப்பாட்டுப் பலகையை வைத்து, துணி விரித்து, குவளையும் கரண்டியும் ரொட்டியும் எடுத்துவைக்க வேண்டும். நோயாளியின் கையைக் கழுவிவிட வேண்டும். செபம் சொல்லிவிட்டுச் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்ற வேண்டும், இறைச்சியைத் தட்டில் வைக்க வேண்டும், வெட்ட முடியாதவருக்கு வெட்டித் தர வேண்டும். பெற்ற மகனுக்குச் செய்வதுபோல, இன்னும் சொன்னால் கடவுளுக்கே செய்வதுபோல இதெல்லாம் நடக்க வேண்டும். மனம் சோர்ந்திருப்பவரை ஏதாவது பேசித் தேற்ற வேண்டும். பிறகு அடுத்த வீடு. எந்த வீட்டுக்கு முதலில் போவது என்பதையும் அந்த விதி சொல்கிறது. துணைக்கு யாராவது இருக்கும் நோயாளியிடம் முதலில் போக வேண்டும், தனியாகக் கிடப்பவரிடம் கடைசியில் போக வேண்டும். அப்போதுதான் அவசரமில்லாமல் அவரோடு அதிக நேரம் இருக்க முடியும். இந்த வரிசையை வகுத்தவர் நோயாளிகளின் வீடுகளில் நின்று பார்த்தவர், தனிமையும் ஒரு நோய் என்று கண்டுகொண்டவர். பசிக்கு எவ்வளவு ரொட்டி, எவ்வளவு இறைச்சி என்று அளவு குறித்த அதே தாளில், பேச்சுத்துணைக்கும் நேரம் குறித்துவைத்திருக்கிறார். இறைப்பற்றைப் பற்றி அந்த நூற்றாண்டில் எழுதப்பட்ட பல பெரிய நூல்களைவிட இந்தச் சில வரிகள் எனக்கு ஆழமாகப் படுகின்றன.

இதை எழுதியவர் பிறவியிலேயே ஏழைகளின் தோழர் அல்லர். வின்சென்ட் 1581-இல் பிரான்ஸின் தென்மேற்கில், தாக்ஸ் நகருக்கு அருகே ஒரு சிறு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1600-இல், விதி கேட்ட வயதுக்கு முன்பே, குருப்பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் குருத்துவம் ஏழை வீட்டுப் பையனுக்கு முன்னேறும் வழி. நல்ல வருமானமுள்ள பதவி ஒன்றைப் பிடித்து வீட்டைத் தூக்கிவிட வேண்டும் என்பதே அவரது இளமைக் கனவு. படிக்கும் காலத்தில் அவரைப் பார்க்கத் தந்தை கல்லூரிக்கு வந்தபோது, அந்தக் குடியானவரின் கோலத்துக்கு வெட்கப்பட்டு, வெளியே வந்து பேச மறுத்திருக்கிறார். முதுமையில் இதைத் தம் சபையினர் முன்னால் அவரே சொல்லி வருந்தினார். ஏழ்மையைக் கண்டு கூசிய மனம் அவருடையது. அந்தக் கூச்சம் எப்படிப் போயிற்று? புனிதர் வரலாறுகள் பெரும்பாலும் ஒரே நாளில் வந்த மனமாற்றத்தைத் தேடும். இவர் விஷயத்தில் அப்படி ஒரு நாளைச் சுட்டுவது கடினம். நாட்டுப்புற மக்களிடையே போனார், பார்த்தார், மறுபடி போனார். பழகப் பழக மனம் கனிந்தது. நல்ல மனம் வந்த பிறகே நல்ல செயல் வரும் என்று நாம் எண்ணுகிறோம். கையும் காலும் பழகிய பின்னால் மனம் வந்து சேர்வதும் உண்டு என்பதற்கு அவர் வாழ்க்கை சாட்சி. பழக்கத்தின் இந்த வலிமையை அறிந்ததனால்தான் அவர் மற்றவர்களுக்கும் உணர்ச்சியைப் போதிக்காமல் முறைநாள் வகுத்துக் கொடுத்தார் என்று நினைக்கிறேன்.

ஊர்ப்புறங்களில் நன்றாக நடந்த ஏற்பாடு பாரிஸுக்கு வந்ததும் தடுமாறியது. அங்கே குழுவில் சேர்ந்தவர்கள் பிரபுக்கள் வீட்டுப் பெண்கள். பணம் தாராளமாகத் தந்தார்கள். ஆனால் நாற்றமடிக்கும் சந்துகளில் சட்டியைத் தூக்கிக்கொண்டு போவது அவர்களுக்கு முடியவில்லை, சிலருக்குக் கணவன்மார் அனுமதிக்கவில்லை. முறைநாள் வந்தால் வேலைக்காரியை அனுப்பினார்கள். வேலைக்காரிக்கோ அது இன்னொரு சுமை. முகமலர்ச்சியும் பேச்சுத்துணையும் விதியில் இருந்தன, நடைமுறையில் மறைந்தன. இந்த நெருக்கடியில் வந்து சேர்ந்தவர் மார்கரீத் நாசோ. பாரிஸுக்கு அருகே சுரேன் என்ற ஊரில் மாடு மேய்த்தவர். பள்ளிக்குப் போகாதவர். எழுத்துப் புத்தகம் ஒன்றை வாங்கி, மேய்ச்சலுக்குப் போகும் வழியில் வருவோர் போவோரிடம் எழுத்தைக் கேட்டுக் கேட்டுப் படிக்கக் கற்றவர். கற்றதைப் பிற பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஊர் ஊராகப் போனவர். வின்சென்டைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஏழை நோயாளிகளுக்கு வேலை செய்கிறேன் என்று தாமே வந்து நின்றார். சீமாட்டிகள் கூசிய வேலையை அவர் இயல்பாகச் செய்தார். அவரைப் பார்த்து வேறு கிராமத்துப் பெண்களும் வந்தார்கள். 1633-இல் கொள்ளைநோய் கண்ட ஒரு பெண்ணைத் தம் படுக்கையிலேயே படுக்க வைத்தார், அந்த நோய் தொற்றி இறந்தார். அதே ஆண்டு நவம்பர் 29 அன்று அப்படிப்பட்ட பெண்கள் சிலரைத் தம் வீட்டில் சேர்த்து வைத்துப் பயிற்சி தரத் தொடங்கினார் லூயிஸ் தெ மரிலாக் என்ற கைம்பெண். பிறரன்பின் புதல்வியர் சபை அப்படித் தொடங்கியது. முன்மாதிரியாக வின்சென்ட் கடைசிவரை சுட்டிக்காட்டியது அந்த மாடு மேய்த்த பெண்ணைத்தான்.

ஆனால் சட்டம் குறுக்கே நின்றது. துறவியென்றால் அடைப்பு. அடைப்பென்றால் நோயாளியின் வீட்டுக்குப் போக முடியாது. இந்தச் சுவரில் மோதியவர்கள் முன்பே இருந்தார்கள். 1610-இல் ஆன்னசியில் பிரான்சிஸ் சலேசியாரும் ஜேன் தெ சந்தாலும் தொடங்கிய மினவுதல் சபையின் சகோதரிகள் முதலில் நோயாளிகளைத் தேடிப் போனார்கள். சில ஆண்டுகளிலேயே, லியோன் பேராயரின் வற்புறுத்தலுக்குப் பிறகு, அது அடைப்பு மடமாயிற்று. இங்கிலாந்தைச் சேர்ந்த மேரி வார்டு, அடைப்பில்லாத பெண்கள் சபை ஒன்றை வெளிப்படையாகக் கேட்டுப் போராடினார். 1631-இல் திருத்தந்தை எட்டாம் அர்பன் அதைக் கலைத்தார், மேரி வார்டையும் சிறிது காலம் காவலில் வைத்தார்கள். வின்சென்டும் லூயிஸும் சபை தொடங்கியது இதற்கு இரண்டே ஆண்டுக்குப் பின். அவர்கள் விதியோடு சண்டைக்குப் போகவில்லை. எங்கள் பெண்கள் துறவியரே அல்லர் என்றார்கள். முக்காடு இல்லை, கிராமத்துப் பெண்ணின் உடுப்புதான். மடமென்று பெயரில்லை, வீடுதான். நிரந்தர வார்த்தைப்பாடு இல்லை. ஆண்டுக்கொரு முறை மார்ச் 25 அன்று தனிப்பட்ட முறையில் எடுப்பது, அடுத்த ஆண்டு விருப்பமிருந்தால் புதுப்பிப்பது. நோயாளியின் வீடே உங்கள் மடம், வாடகை அறையே உங்கள் தனியறை, பங்குக் கோவிலே உங்கள் சிற்றாலயம், நகரத்தின் தெருக்களே உங்கள் மடத்து முற்றம் என்ற பொருளில் வின்சென்ட் அவர்களுக்குச் சொன்ன அறிவுரை புகழ்பெற்றது. இதைச் சாமர்த்தியமான சட்டத் தந்திரம் என்று மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. ஆயர்கள் இவர்களைத் துறவியர் என்று எண்ணிவிட்டால் அடைத்துவிடுவார்கள் என்ற பயம் வின்சென்டுக்கு இருந்தது, அதை அவர் ஒளிக்கவுமில்லை. ஆனால் தந்திரம் மட்டும் இத்தனை காலம் தாங்காது. ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அந்த வழக்கத்தை, திருச்சபை எல்லாத் தளர்வுகளையும் அளித்த பிற்காலத்திலும், அவர்கள் கைவிடவில்லை. போக விரும்பினால் போகலாம் என்ற நிலையில் ஒவ்வோர் ஆண்டும் தங்குவதையே அவர்கள் அர்ப்பணமாகக் கொண்டார்கள்.

செபமா சேவையா என்ற பழைய கேள்விக்கும் இந்தப் பெண்கள் ஒரு தீர்வு கண்டார்கள். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து தியானம் செய்வது அவர்கள் ஒழுங்கு. தியானத்தின் நடுவே நோயாளி ஒருவருக்கு மருந்து தேவை என்று ஆள் வந்தால்? எழுந்து போங்கள் என்றார் வின்சென்ட். கடவுளுக்காகவே கடவுளை விட்டுப்போவது அது, அதனால் எதுவும் இழப்பாகாது என்று விளக்கினார். இதைப் பக்தியைக் குறைத்துக்கொண்டதாகக் கருதுவது தவறு. செபிக்காதே என்று அவர் எங்கும் சொல்லவில்லை. செபத்தை விட்ட பெண் சட்டியையும் விரைவில் கீழே வைத்துவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். அவர் மறுத்தது வேறொன்றை: செபம் உயர்ந்தது, வேலை தாழ்ந்தது என்று நெடுங்காலம் துறவு மரபில் ஊறியிருந்த ஏணிப்படியை. இறுதித் தீர்ப்பைப் பற்றி மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரம் சொல்வதை அவர் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார். பசித்தவனுக்கும் நோயாளிக்கும் செய்தது கிறிஸ்துவுக்கே செய்தது என்றால், நோயாளியின் கட்டில் பீடத்துக்குக் குறைந்ததல்ல.

இந்த அன்றாட வேலையைத் திறமையாக்கியவர் லூயிஸ். வின்சென்டின் பெயர் பரவிய அளவுக்கு அவர் பெயர் பரவாதது வருத்தம் தரும் விஷயம். 1629 முதல் ஊர் ஊராகப் போய்ப் பிறரன்புக் குழுக்களின் கணக்கைச் சோதித்தவர் அவர்தான். எழுத்தறியாத பெண்களுக்கு எழுத்தும், மருந்து கலக்கவும், அன்றைய மருத்துவத்தின் முக்கிய சிகிச்சையான குருதி வடித்தலும் கற்றுக்கொடுத்தார். ஆன்ஜே நகர மருத்துவமனைக்குச் சகோதரிகளை அனுப்பும்போது நிர்வாகிகளோடு ஒப்பந்தம் பேசி எழுதிக்கொண்டார். கைவிடப்பட்ட குழந்தைகளின் விஷயத்தில் இந்த ஒழுங்கின் அருமை பளிச்சென்று தெரிகிறது. பாரிஸில் அப்படிப்பட்ட குழந்தைகளை வைத்திருந்த விடுதியில் பிழைத்தவை மிக அரிது. தூங்கவைக்க மருந்து கொடுத்தார்கள், பிச்சை எடுப்போருக்கு விற்கவும் செய்தார்கள். 1638-இல் எல்லாரையும் எடுத்து வளர்க்கப் பணமில்லாமல், பிறரன்புக் குழுவினர் சீட்டுப் போட்டுச் சில குழந்தைகளை மட்டும் எடுத்தார்கள். சீட்டு விழாத குழந்தைகளை விட்டுவிட்டு வருவது எத்தகைய வேதனையாக இருந்திருக்கும்! ஆனால் எடுத்த சிலரை உயிரோடு வைத்திருக்கக் கற்றுக்கொண்ட பிறகு, 1640-இல் எல்லாக் குழந்தைகளையும் ஏற்றார்கள். செவிலித்தாயை அமர்த்துவது, பாலுக்குக் கணக்கு வைப்பது, கிராமத்தில் வளரும் குழந்தையைப் போய்ப் பார்த்து வருவது என்று அது நடந்தது.

இங்கே ஒரு எதிர்ப்பு எழும். அன்பை இப்படி அட்டவணை போட்டுச் செய்தால் அன்பு செத்துவிடாதா? மனதிலிருந்து பொங்கி வரும் கருணைதானே உண்மை, முறைநாளுக்காகச் செய்வது கடமைதானே? கேட்கக் கூர்மையான கேள்வி. ஆனால் இது உதவுகிறவரின் பக்கமிருந்து கேட்கப்படும் கேள்வி. படுத்திருப்பவரின் பக்கமிருந்து பார்த்தால், ஞாயிறு பொங்கி வந்து திங்கள் வற்றிப்போகும் கருணையைவிட, செவ்வாயும் புதனும் தவறாமல் வரும் சூப் மேலானது. நம்பி இருக்க முடிகிற உதவி ஏழையைக் கெஞ்சுவதிலிருந்து விடுவிக்கிறது. அன்பு இயந்திரமாகிவிடும் ஆபத்தை ஷத்தியோன் விதிகளும் உணர்ந்திருந்தன. அதனால்தான் அவை உணவின் அளவோடு நிற்காமல் முகமலர்ச்சியையும் பேச்சையும் சேர்த்து எழுதின. இந்த முறைதான் பிற்காலச் செவிலியத் தொழிலுக்கும் ஒரு ஊற்றாயிற்று. 1853-இல் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பாரிஸில் இந்தச் சகோதரிகளிடம் கற்கப் போனார். அடுத்த ஆண்டு கிரிமியப் போரில் பிரெஞ்சுக் காயக்காரர்களை இவர்கள் கவனிப்பதைக் கேள்விப்பட்ட இங்கிலாந்தில், நம்மிடம் ஏன் இப்படிச் சகோதரிகள் இல்லை என்று ‘டைம்ஸ்’ நாளேட்டுக்குக் கடிதம் போயிற்று. நைட்டிங்கேல் கிரிமியப் போர்க்காலப் பணிக்குப் புறப்பட்டதன் பின்னணியில் அந்தக் கேள்வியும் இருந்தது.

இன்னொரு எதிர்ப்பை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. உதவி பெறும் நோயாளி பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை வாங்க வேண்டும் என்று அதே ஷத்தியோன் விதிகள் எதிர்பார்த்தன. கட்டிலில் கிடப்பவனுக்கு மறுக்க வழியில்லாத நேரத்தில் மதக் கடமையை முன்வைப்பது இன்றைய மனசாட்சிக்கு உறுத்தும், உறுத்தவும் வேண்டும். ஊரே கத்தோலிக்கமாக இருந்த இடத்தில், ஆன்மாவை விட்டுவிட்டு உடலை மட்டும் கவனிப்பதை அன்று யாரும் அன்பென்று கருதியிருக்க மாட்டார்கள் என்பது விளக்கம்தான், நியாயமாகாது. இதில் அவர்களைப் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனாலும் பிந்தைய வரலாற்றைப் பார்த்தால் சேவையின் தர்க்கமே இந்த நிபந்தனையைக் கரைத்துவிட்டது. சகோதரிகள் போன கப்பலடிமைகளின் சிறையிலும் போர்க்களத்திலும் யார் என்ன நம்பிக்கை என்று கேட்டு வேலை செய்ய முடியவில்லை. வலியில் துடிப்பவன்தான் முதலில் கண்ணில் பட்டான்.

ஏழைகளை அடைத்துவைத்த 1656-ஆம் ஆண்டுத் திட்டத்தின் நிழலும் இந்த வரலாற்றின்மேல் விழுகிறது. அந்த ஆண்டு பதினான்காம் லூயியின் ஆணைப்படி பாரிஸில் பொது மருத்துவமனை என்ற பெயரில் ஒரு நிறுவனம் எழுந்தது. மருத்துவம் அதன் நோக்கமல்ல. தெருவில் பிச்சையெடுப்போரைப் பிடித்து உள்ளே அடைத்து வேலை வாங்குவது நோக்கம். இதற்காக உற்சாகமாக உழைத்தவர்களில் வின்சென்டின் பிறரன்புக் குழுச் சீமாட்டிகளும் இருந்தார்கள். இதைக் காட்டி, இரக்கமும் அடக்குமுறையும் ஒரே வேரில் முளைத்தவை என்று வாதிடுவோர் உண்டு. குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. நல்ல மனம் படைத்த பெண்கள் தங்கள் செல்வாக்கால் ஒரு சிறைக்கு வழிவகுத்தார்கள். ஆனால் அவர்கள் வழிகாட்டியே அதில் தயங்கினார். சிறிதாகத் தொடங்கலாம், விரும்பி வருபவர்களை மட்டும் சேர்க்கலாம், பலவந்தம் வேண்டாம் என்பது வின்சென்டின் நிலை. அந்த நிறுவனத்தின் ஆன்மிகப் பொறுப்பைத் தம் குருக்கள் ஏற்க வேண்டும் என்று கேட்டபோது மறுத்துவிட்டார். இரண்டு ஏற்பாடுகளிலும் ஒழுங்கு இருந்தது, கணக்கு இருந்தது. ஒன்றில் உதவுகிறவர் படியேறி ஏழையின் வீட்டுக்குப் போகிறார், அங்கே அவர் விருந்தாளி. மற்றொன்றில் ஏழையை இழுத்துவந்து பூட்டுகிறார்கள். ஒழுங்கு மட்டும் போதாது, யார் யாரிடம் போகிறார் என்பதும் சேர வேண்டும் என்று இந்த வேற்றுமை காட்டுகிறது. ஏழைகளே நம் எசமானர்கள் என்று வின்சென்ட் ஓயாமல் சொன்னதும் இதனால்தான். கொடுக்கும் ரொட்டிக்காக ஏழை நம்மை மன்னிப்பது நம் அன்பைப் பார்த்துத்தான் என்ற கருத்து அவர் பெயரில் எங்கும் உலவுகிறது. அது 1947-இல் வந்த ‘மொஸ்யோ வின்சென்ட்’ திரைப்படத்தின் வசனம், அவர் எழுத்தல்ல. ஆனாலும் வசனம் எழுதியவர் அவரைச் சரியாகவே புரிந்துகொண்டார்.

எல்லாவற்றிலும் கனமான எதிர்ப்பு கடைசியானது. சூப் கொடுப்பது பசியைத் தள்ளிப்போடுகிறது, பசியை உண்டாக்கும் அமைப்பை அப்படியே விட்டுவிடுகிறது. வரிச்சுமையும் போரும் நிலமில்லாமையும் தொடரும்போது புனிதப் பெண்கள் காயத்துக்குக் கட்டுப்போட்டுக்கொண்டே இருப்பதா? பதினேழாம் நூற்றாண்டுக்கு இந்தக் கேள்வி பெரும்பாலும் எட்டவில்லை. வின்சென்ட் உள்நாட்டுப் போரின்போது அரசவைக்குப் போய் அமைச்சர் மசாரனை விலகச் சொல்லுமளவுக்குத் துணிந்தார், ஆனால் சமூக அமைப்பை மாற்ற வேண்டும் என்று அவர் எண்ணவில்லை. கேள்வி கூர்மையாகக் கேட்கப்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில், தொழிற்சாலைகளின் காலத்தில். பாரிஸில் மாணவர்களின் விவாதக் கூட்டமொன்றில் கிறிஸ்தவம் அன்று செய்தது சரி, இன்று ஏழைகளுக்கு நீங்கள் செய்வதென்ன என்று கத்தோலிக்க மாணவர்களைப் பார்த்துக் கேட்டார்கள். அந்தக் கேள்வி பிரெடெரிக் ஓசானாமைத் தைத்தது. 1833 ஏப்ரல் 23 அன்று, அவருக்கு இருபது வயது நிறைந்த நாளில், சில நண்பர்களோடு ஒரு குழு தொடங்கினார். வின்சென்ட் தே பவுல் சபை அதுதான். ஏழைகளின் வீட்டுக்குப் போவது எப்படி என்று தெரியாத அந்த மாணவர்களுக்கு வழிகாட்டியவர் ரோசலி ராந்து என்ற பிறரன்பின் புதல்வி. முஃப்தார் தெருப் பகுதியில், பாரிஸின் மிக வறிய மக்களிடையே, ஐம்பதாண்டுக்கு மேல் வாழ்ந்தவர். எந்த வீட்டுக்குப் போக வேண்டும், என்ன கொண்டுபோக வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுத்தார். 1832-இன் காலராவில் பிணங்களிடையே வேலை செய்தவர். கலகக்காரர்களைத் தப்பவிட்டார் என்று காவல்துறை அவர்மேல் நடவடிக்கைக்கு வந்தபோது, துன்பப்படுபவர் யாராயினும் உதவுவேன், நாளை உங்களுக்கும் அப்படியே செய்வேன் என்ற பொருளில் பதில் சொன்னவர். 1848 ஜூன் எழுச்சியில் அவர் வீட்டுக்குள் ஓடி வந்த இராணுவ அதிகாரியைக் கொல்ல வந்த கலகக்காரர்களைத் தடுத்து நிறுத்தியவரும் அவரே. அந்தத் தெருக்காரர்கள் அவர் சொல்லுக்குத் துப்பாக்கியைத் தாழ்த்தினார்கள் என்றால், அதற்குப் பின்னால் பல்லாண்டு படியேறிய கால்கள் இருந்தன.

அந்தப் படிகளில் ஏறியதால் ஓசானாமுக்கு என்ன ஆயிற்று என்பதில்தான் எதிர்ப்புக்கு விடை இருக்கிறது. அவர் வெறும் தர்மவானாக நின்றுவிடவில்லை. தொழிலாளியின் கூலியைப் பற்றி விரிவுரைகளில் பேசினார். 1848-இல் தேர்தலில் நின்று தோற்றார், பத்திரிகை நடத்திச் சீர்திருத்தம் கேட்டார். பிறரன்பு காயத்துக்கு மருந்திடும், காயம் உண்டாகாமல் தடுப்பது நீதியின் வேலை என்ற தெளிவுக்கு வந்தார். செல்வம் படைத்த கத்தோலிக்கர் பலர் அன்று கலகக்காரர்களை மிருகங்களாகப் பேசிய நேரத்தில், அவர் அவர்கள் பக்கம் நின்று எழுதினார். அவர்களுடைய அறைகளில் உட்கார்ந்து பேசியவர், எத்தனை பேர் ஒரே கட்டிலில் படுக்கிறார்கள் என்று பார்த்தவர் அவர். வறுமையை எண்ணிக்கையாக மட்டும் அறிந்தவர்களின் கோபம் தணிந்துவிடலாம், ஒரு குடும்பத்தின் பெயராக அறிந்தவருக்குத் தணியாது. அன்றாட உதவி நீதிக்குப் பதிலாக வைக்கப்பட்டால் அது தடைதான். நீதியைத் தேடுகிறவனுக்கு அது கண்ணாக இருந்திருக்கிறது என்பதை ஓசானாமின் வாழ்க்கை நிறுவுகிறது. 1997-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் பாரிஸ் நோத்ர்தாம் பேராலயத்தில் அவரை அருளாளராக உயர்த்தினார். அவர் குருவல்லர், துறவியுமல்லர். மனைவியும் மகளும் உள்ள பேராசிரியர்.

அவர் தொடங்கிய சபை தமிழ்நாட்டுப் பங்குகளிலும் வேரூன்றியிருக்கிறது. கடைக்காரர், ஆசிரியர், ஓய்வுபெற்ற அலுவலர், இல்லத்தரசி என்று பத்துப் பதினைந்து பேர் கூடுவார்கள். செபம் சொல்லி, வறிய குடும்பங்களின் நிலையைப் பேசி, யார் யாரைப் பார்த்து வருவது என்று இருவர் இருவராகப் பிரித்துக்கொள்வார்கள். கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. இந்தக் குழுக்களில் சில அரிசி கொடுத்துக் கையெழுத்து வாங்குவதோடு முடித்துக்கொள்கின்றன, பெறுபவரைக் கோவில் வாசலில் வரிசையில் நிறுத்துகின்றன என்ற குறை நியாயமானது. அந்தக் குறையைச் சொல்ல வெளியே எந்த அளவுகோலும் தேடத் தேவையில்லை, ஷத்தியோன் விதிகளே போதும். வீட்டுக்குப் போக வேண்டும், உட்கார வேண்டும், பேச வேண்டும் என்பது அவற்றில் உணவின் அளவுக்கு இணையாகவே எழுதப்பட்டிருக்கிறது. அந்த வீடுகளில் பார்த்ததைப் பங்குப் பேரவையிலும் ஊராட்சியிலும் எடுத்துச் சொல்லி, முதியோர் உதவித்தொகைக்கும் பட்டாவுக்கும் மனு எழுதிக்கொடுக்கும் உறுப்பினர், ஓசானாம் போன வழியிலேயே போகிறார்.